புரியாத காகிதத்தில் கையெழுத்து எதற்கு?

காது கேளாமல் பிறந்த குழந்தையின் காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, உள்ளே ஒரு கருவியைப் பொருத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் பெற்றவர்களிடம் ஒரு காகிதம் நீட்டப்படுகிறது. சில இடங்களில் அது ஆங்கிலம். சில இடங்களில் தமிழ் என்று பெயர் வைத்துக்கொண்ட ஏதோ ஒரு பாஷை. "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து நேரே பஸ் ஏறி வந்த தகப்பனும், ஒரு நாள் நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்த தாயும் அந்தக் காகிதத்தை மேலும் கீழும் பார்க்கிறார்கள். பிறகு டாக்டர் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறார்கள்.

இதற்குப் பெயர் சம்மதமா?

ஜனங்கள் படிக்காதவர்கள், அவர்களுக்கு எழுதி என்ன பிரயோஜனம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தச் சாக்கு இன்று செல்லாது. 2011ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பஸ் போர்டு படிக்கிறார்கள், ரேஷன் கடைச் சிலேட்டைப் படிக்கிறார்கள், சம்பளச் சீட்டில் எந்தக் காலத்தில் எவ்வளவு பிடித்திருக்கிறான் என்று கண்டுபிடித்து மானேஜரிடம் சண்டைக்குப் போகிறார்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். இவ்வளவும் படிக்கிறவர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரிக் காகிதம் மட்டும் புரியவில்லை என்றால் குற்றம் படிப்பவன் பேரிலா, எழுதியவன் பேரிலா?

விஷயம் இன்னதென்று முதலில் பார்ப்போம். காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது அந்தக் கருவியின் பெயர். நம் காதின் உள்ளே, எலும்புக்குள், நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகளைத் தாங்கிய அணுக்கள் சுமார் 15,000 வரிசையாக நிற்கின்றன. வெளியே வரும் சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. பெரும்பாலான செவிட்டுக் குழந்தைகளுக்கு நரம்பு நன்றாகவே இருக்கிறது. இந்த அணுக்கள்தான் இல்லை, அல்லது செத்துவிட்டன. மதகு உடைந்து கிடக்கிறது, வாய்க்கால் நன்றாக இருக்கிறது. விவசாயி என்ன செய்வான்? மதகை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டித் தண்ணீரை வாய்க்காலில் திருப்புவான். இந்தக் கருவி செய்வதும் அதுதான். காதுக்கு வெளியே மாட்டிய சிறு பெட்டி சத்தத்தை வாங்குகிறது. தோலுக்கு அடியில் வைத்த பகுதிக்கு அதை அனுப்புகிறது. அங்கிருந்து மெல்லிய கம்பி ஒன்று நத்தைக்கூட்டுக்குள் போய், நேரே நரம்புக்கு மின்சாரத் துடிப்பாகக் கொடுக்கிறது.

அற்புதமான சாதனம், சந்தேகமில்லை. 1957ல் பாரிஸ் நகரத்தில் இரண்டு விஞ்ஞானிகள் முதல் முயற்சி செய்தார்கள். 1978ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் கிரேம் கிளார்க் என்ற டாக்டர் பல முனைகள் கொண்ட கருவியை ஒரு மனிதருக்குப் பொருத்தினார். காது மந்தமான தகப்பனாரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர் அவர். ஆராய்ச்சிக்குப் பணமில்லாமல் டெலிவிஷன் மூலம் ஜனங்களிடம் வசூல் செய்தார். சர்க்கார் பணமும் பின்னால் வந்தது. ஜனங்களின் காசில் பிறந்த சாதனம் இன்று சில கம்பெனிகளின் கையில் பல லட்சம் ரூபாய்ச் சரக்காக இருக்கிறது. அது தனிக் கதை, இன்னொரு வாரம் பேசவேண்டிய கதை.

நம் நாட்டில் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைப்பதற்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். மத்திய சர்க்காரும் 2014ல் தன் உதவி உபகரணத் திட்டத்தில் இதைச் சேர்த்துக் கருவிக்கு 6 லட்சம் ரூபாய் வரை என்று ஒதுக்கியது. ஏழை வீட்டுக் குழந்தைக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது லேசான விஷயமல்ல. கதவு திறந்திருந்தும் வாசற்படியில் இருக்கிற எழுத்து புரியாமல் திரும்பிப் போகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எப்படி எழுதுகிறார்கள்? ஒரு மாதிரி தருகிறேன். எந்த ஆஸ்பத்திரியின் காகிதத்திலிருந்தும் எடுத்ததல்ல. அந்த ரகத்தில் நானே கோத்தது. இந்த நடையைக் கண்டவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்:

"இருபுறத் தீவிர நரம்புசார் செவித்திறன் இழப்புடைய பயனாளிக்கு உட்செவிச் சுருளில் மின்முனை வரிசை செருகப்படுவதன் மூலம் செவிநரம்புத் தூண்டல் ஏற்படுத்தப்பட்டு, தொடர் வரைபடமாக்கல் மற்றும் செவிவழிப் பேச்சுப் பயிற்சி வாயிலாக மொழித்திறன் மேம்பாடு எய்தப்படலாம் என்பதும், முகநரம்புப் பாதிப்பு உள்ளிட்ட சிக்கல்கள் அரிதாக நேரிடக்கூடும் என்பதும் விளக்கப்பட்டு முழுமையாகப் புரிந்துகொள்ளப்பட்டது."

ஆங்கில எழுத்து ஒன்றுகூட இல்லை. அத்தனையும் தமிழ். யாருக்குப் புரிகிறது? ஆங்கிலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அகராதியை வைத்துவிட்டால் ஜனங்களின் பாஷை ஆகிவிடுமா? 1956ல் தமிழை ஆட்சி மொழியாக்கிச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகு காரியாலயத்து இங்கிலீஷ் வெளியே போய்க் காரியாலயத்துத் தமிழ் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஜனங்கள் வாசலிலேயே நிற்கிறார்கள்.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். செருகப்படுகிறது, ஏற்படுத்தப்படுகிறது, எய்தப்படுகிறது. யார் செய்கிறார்கள்? ஆள் யாருமே இல்லை! எல்லாம் தானாக நடக்கிறது. "எய்தப்படலாம்" என்ற சொல்லின் கடைசியில் ஒரு "லாம்" ஒளிந்துகொண்டிருக்கிறதே, பார்த்தீர்களா? குழந்தை பேசலாம், பேசாமலும் போகலாம் என்கிற இவ்வளவு பெரிய செய்தியை அந்த இரண்டு எழுத்துக்குள் புதைத்துவிட்டார்கள். நாளைக்கு ஏதாவது தவறு நடந்தால், "நாங்கள்தான் லாம் என்று எழுதியிருந்தோமே" என்பார்கள். கடைசியில் "புரிந்துகொள்ளப்பட்டது". யாருக்குப் புரிந்தது? கையெழுத்துப் போட்டவரை யாராவது கேட்டார்களா?

இதையே இப்படி எழுதினால் என்ன?

"உங்கள் குழந்தைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. காதில் மாட்டும் சாதாரண மெஷினாலும் போதிய பலன் இல்லை. அதனால் ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு கருவி வைக்கிறோம். ஆபரேஷன் முடிந்த அன்றே குழந்தைக்குக் கேட்காது. காயம் ஆறிய பிறகு, சில வாரம் கழித்துத்தான் கருவியை ஓடவிடுவோம். முதலில் குழந்தை பயந்து அழலாம். அதன் பிறகு சத்தத்தின் அளவைக் குழந்தைக்கு ஏற்றபடி திருத்துவதற்குப் பல தடவை வரவேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் விடாமல் வரவேண்டும். வீட்டிலும் தினமும் பயிற்சி கொடுக்கவேண்டும். பயிற்சி இல்லாவிட்டால் கருவி இருந்தும் குழந்தை பேசக் கற்றுக்கொள்ளாது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி பலன் வராது. முகத்தை அசைக்கும் நரம்பு ஆபரேஷன் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அபூர்வமாக அதில் காயம் பட்டு வாய் கோணலாம். காதில் மீதியிருக்கும் கொஞ்சநஞ்சக் கேள்வியும் போய்விடலாம். மூளைக் காய்ச்சல் வராமலிருக்க முன்கூட்டியே தடுப்பூசி போடவேண்டும்."

நீளம் கூடிவிட்டது, உண்மை. காகிதம் அரைப் பக்கம் அதிகம் செலவாகும். ஆகட்டுமே! இதில் விஞ்ஞானம் எங்கே குறைந்துவிட்டது? ஒரு உண்மைகூட விட்டுப்போகவில்லை. மறைந்திருந்தவை வெளியே வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

எளிமையாக எழுதிவிட்டால் போதுமென்று நான் சொல்ல வரவில்லை. எளிமையாகவே பொய்யும் சொல்லலாம். வியாபாரிகளுக்கு அது கைவந்த கலை. வழவழப்பான காகிதம், சிரிக்கிற குழந்தையின் படம், "இனி உங்கள் செல்வம் பேசும்!" என்று நான்கே சொல். மூன்றாவது வகுப்புக் குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் பயிற்சி பற்றி ஒரு வார்த்தை இருக்காது. 15,000 அணுக்கள் செய்த வேலையை, கருவியின் ரகத்தைப் பொறுத்து, 12லிருந்து 22 வரை உள்ள சிறு முனைகள் செய்யவேண்டியிருக்கிறது. ஆகவே அந்தக் குழந்தை கேட்கும் சத்தம் நாம் கேட்கும் சத்தமல்ல. மூளை அதற்குப் பழகவேண்டும் என்ற சங்கதி இருக்காது. ஆஸ்பத்திரிக் காகிதம் புரியாத பாஷையில் உண்மை சொல்கிறது, கம்பெனி நோட்டீசு புரிகிற பாஷையில் பாதி உண்மை சொல்கிறது. நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் தொழிலாளி.

எந்தக் காகிதத்திலும் சாதாரணமாக எழுதப்படாத பகுதி ஒன்று உண்டு. அதுதான் கூலி. ஆபரேஷன் இலவசம். சரி. பயிற்சிக்கு வாரம் ஒரு நாள், இரண்டு நாள் டவுனுக்குப் போகவேண்டுமே, அந்த நாளின் கூலியை யார் கொடுப்பது? தாய் போனால் அவள் கூலி போயிற்று. இரண்டு பஸ் மாறவேண்டிய கிராமம் என்றால் பஸ் சார்ஜ். இன்னொரு கைக்குழந்தை இருந்தால் அதை யாரிடம் விடுவது? வெளியே மாட்டுகிற பெட்டிக்கு பாட்டரி வேண்டும். ஒயர் அறுந்துபோகும். பெட்டியைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது, குளிக்கும்போது கழற்றிவைக்கவேண்டும் என்பார்கள். ஒழுகுகிற குடிசையில் ஐப்பசி மழையில் அதை எங்கே வைப்பது? தெருப் பிள்ளைகள் பிடுங்கி எறிந்துவிட்டால் மாற்றுப் பெட்டிக்கு என்ன விலை, அதை யார் தருவார்கள்? வேறு நோவுக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப் போனால் உள்ளே காந்தம் இருப்பதை முதலிலேயே சொல்லவேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்களா?

இந்தக் கேள்விகள் மருத்துவக் கேள்விகள் அல்ல என்று சிலர் நினைக்கிறார்கள். நம் வீட்டுக்கு இவைதான் மருத்துவக் கேள்விகள். பயிற்சி பாதியில் நின்றால் அதற்குப் பெற்றவர்களின் அலட்சியம் காரணம் என்று எழுதிவிடுவது சுலபம். "ஒரு வருஷத்தில் இத்தனை நாள் கூலி போகும், இவ்வளவு செலவாகும்" என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தால் அவர்கள் உறவுக்காரர்களோடு யோசித்திருப்பார்கள், சங்கத்திடம் வந்திருப்பார்கள், சர்க்காரிடம் பஸ் பாஸ் கேட்டிருப்பார்கள். சொல்லாமல் விட்டுப் பிறகு குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

வயது விஷயத்துக்கு வருவோம். இதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. குழந்தையின் மூளை பேச்சைக் கற்றுக்கொள்கிற காலம் முதல் சில வருஷங்கள். ஒரு வயதில், இரண்டு வயதில் கருவி வைத்த குழந்தைக்கும் ஐந்து வயதில் வைத்த குழந்தைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் உண்டு. நாற்று விடுகிற பருவம் தப்பினால் என்ன ஆகும் என்று விவசாயத் தொழிலாளிக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்திலேயே காதுப் பரிசோதனை செய்ய முடியும். வலியில்லாத சோதனை, சில நிமிஷ வேலை. 2013ல் மத்திய சர்க்கார் தொடங்கிய குழந்தைகள் ஆரோக்கியத் திட்டத்தில் பிறவிச் செவிடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் "தாய்மாமனுக்குக்கூட மூன்று வயதில்தான் பேச்சு வந்தது" என்று பாட்டி சொல்வதை நம்பி வீட்டில் காத்திருக்கிறார்கள். பாட்டியின் பேச்சு அவர்களுக்குப் புரிகிறது! ஆஸ்பத்திரிக் காகிதம் புரியவில்லை. அதைக் கண்டு மிரண்டுபோய் "ஆடி கழியட்டும், அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அந்தத் தாமதத்தில் ஒரு பாகத்துக்காவது புரியாத எழுத்து பொறுப்பேற்கவேண்டாமா?

பஞ்சாலைத் தோழர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஷட்டில் தறிகள் ஓடும் ஷெட்டில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம். அங்கே வருஷக்கணக்கில் நின்றவர்கள் உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும் பேசிக்கொள்வது நமக்கெல்லாம் தெரிந்ததே. இவர்களில் சிலர் "காதுக்குள் ஏதோ கருவி வைக்கிறார்களாமே, நமக்கும் வைப்பார்களா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: சத்தத்தால் காது மந்தமான பெரும்பாலோருக்கு இந்த ஆபரேஷன் தேவைப்படாது, வெளியே மாட்டும் மெஷின் உதவும். மெஷினாலும் பேச்சு விளங்காத அளவுக்குப் போனவர்களுக்கே இம்ப்ளான்ட். ஆறு வயதுத் திட்டம் குழந்தைகளுக்கு மட்டும். இந்த நான்கு வரியை ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிவைத்தால் எத்தனை பேர் வீண் அலைச்சலிலிருந்து தப்புவார்கள்! ஆலைச் சத்தத்தால் வரும் செவிடு தொழில் நோய், அதற்கு நஷ்டஈடு கேட்கலாம் என்பதையும் அதே சுவரில் எழுதினால் முதலாளிகளுக்கு வயிறு எரியும். எழுதவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோயாளியின் சம்மதம் உண்மையான சம்மதமாக இருக்கவேண்டும். என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, சிகிச்சை வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று போதிய விவரம் கொடுத்து வாங்குவதே சம்மதம். 2016ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தகவல் தொடர்பு என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்லுகிற இடத்தில் பிரெய்ல், சைகை மொழி, பெரிய எழுத்து இவற்றோடு "எளிய மொழி" என்பதையும் சேர்த்திருக்கிறது. சட்டப் புத்தகத்திலேயே எளிய மொழி இருக்கிறது! ஆஸ்பத்திரி மேஜைக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. அமெரிக்காவில் முதலாளித்துவ சர்க்காரே 2010ல் எளிய எழுத்துக்கென்று சட்டம் செய்தது. நோயாளிகளுக்கு எழுதுவதை ஆறாம் வகுப்புப் பிள்ளை படிக்கும்படி எழுதுங்கள் என்று அங்குள்ள டாக்டர்கள் சங்கம் சொல்கிறது. அங்கேயும் சொன்னபடி நடப்பது குறைவு. ஆனால் அளவுகோல் என்று ஒன்றாவது இருக்கிறது. தமிழுக்கு அப்படி ஒரு அளவுகோலை நம் பல்கலைக்கழகங்கள் ஏன் செய்துகொடுக்கக்கூடாது? செய்யட்டும். அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை.

டாக்டர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். ஒரு நாளைக்கு இத்தனை நோயாளிகள், உட்கார்ந்து விளக்க நேரம் எங்கே என்று. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரும் நர்சும் படுகிற பாடு நமக்குத் தெரியும். அவர்களும் வேலைப் பளுவில் நசுங்குகிறவர்கள், நம் எதிரிகள் அல்ல. நேரம் இல்லாத காரணத்தினால்தான் காகிதம் நன்றாக இருக்கவேண்டும் என்கிறோம். டாக்டர் சொல்ல விட்டுப்போனதை வீட்டுக்குக் கொண்டுபோய், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம் அல்லவா?

இன்னொன்றையும் அந்தக் காகிதம் மறைக்கக்கூடாது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்பதில்லை. சைகை மொழி ஒரு முழு மொழி. அதில் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். 2015ல் டில்லியில் அதற்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. கருவி வைக்க முடியாத குழந்தைக்கும், வைத்தும் பலன் குறைந்த குழந்தைக்கும், வேண்டாமென்று தீர்மானித்த வீட்டாருக்கும் இது தெரியவேண்டும். "வைக்காவிட்டால் உன் பிள்ளை வாழ்க்கை போச்சு" என்று பயமுறுத்தி வாங்குகிற கையெழுத்தும் சம்மதம் ஆகாது.

எழுதுவது எப்படி என்பதற்கு பெரிய படிப்பு வேண்டாம். எழுதியதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் நான்கு தாய்மார்களிடம் கொடுக்கவேண்டும். நூற்பாலையில் கோன் வைண்டிங்கில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, களையெடுக்கப் போகிற பெண் ஒருத்தி, ஏற்கெனவே குழந்தைக்குக் கருவி வைத்த தாய் ஒருத்தி, அங்கன்வாடி ஊழியர் ஒருத்தி. படித்து முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால் மரியாதைக்காக எல்லோரும் "புரிந்ததுங்க" என்றுதான் சொல்வார்கள். "வீட்டில் உங்கள் மாமியார் கேட்டால் எப்படிச் சொல்வீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்கவேண்டும். அவர்கள் தடுமாறுகிற இடத்தில் எழுத்தில் கோளாறு இருக்கிறது. அந்த இடத்தைத் திருத்திவிட்டு மறுபடி கொடுக்கவேண்டும். அவர்கள் சொல்கிற வார்த்தை எழுதியவருடைய வார்த்தையைவிட நன்றாக இருந்தால், அதையே எடுத்து அச்சுப் போடவேண்டும். அந்தத் தாய்மார்களுக்கு அன்றைய கூலியும் கொடுக்கவேண்டும், இதுவும் வேலைதான்.

ஆகவே சுகாதார மந்திரியிடம் நம் கோரிக்கைகள் இவை. சர்க்கார் பணம் வாங்கி இந்த ஆபரேஷன் செய்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், தனியார் ஆஸ்பத்திரி உள்பட, இப்படிப் பரீட்சை செய்த தமிழ்க் காகிதம் ஒன்றையே கொடுக்கவேண்டும். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவேண்டும். அன்று காலையில் நீட்டக்கூடாது. செலவும் கூலி நாளும் அதில் இருக்கவேண்டும். பயிற்சிக்கு வரும் தாய்க்கு பஸ் பாசும் படியும் கொடுக்கவேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது நம் சங்கங்களில் பழைய வழக்கம். இப்படி ஒரு காகிதம் உங்கள் ஊரில் யாருக்காவது வந்திருந்தால் அதைச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டு உரக்கப் படியுங்கள். எந்த வார்த்தையில் கூட்டம் முழிக்கிறதோ அந்த வார்த்தைக்கு அடியில் சிவப்புக் கோடு போடுங்கள். கோடு போட்ட காகிதத்தை, சங்கத்தின் கடிதத்தோடு, ஜில்லா ஆஸ்பத்திரி தலைமை டாக்டருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வாருங்கள். பேச்சு வராத ஒரு வயதுக் குழந்தை தெருவில் இருந்தால், அந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல், அதே நாளில் அந்தத் தாயையும் காதுப் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள்.